நிறையும் வலியும்

நாலு மாதமாக நான் ஒரு பொறியோடு வழக்காடி வந்தேன். நெல்லியடியிலுள்ள தேகப்பயிற்சிக் கூடமொன்றின் வாயிலோரத்தில் அது கிடக்கிறது. ஏறி நின்றால் நம் உடலின் நிறையைக் கிலோக் கணக்கிற் காட்டும். முதல் நாள் 68 என்றது. ஒரு திங்கள் கழித்து ஏறினேன், 68 என்றது. இரண்டாந் திங்களில் 68½ என்றது. ஐம்பத்தாறாம் பிராயத்திலே, வேட்டியை விட்டுக் காற்சட்டை அணிந்து, என்னிடம் நன்னூல் படித்த பிள்ளைகள் பார்த்திருக்க, இரும்புத் தண்டைத் தூக்கியும் இறக்கியும் வியர்த்துக் களைத்தவனுக்கு அந்த அரைக் கிலோ பெரிய அவமானமாகப் பட்டது.

நான் அங்கே போன காரணத்தை முதலிற் சொல்லிவிடுதல் நன்று. அழகு கருதிப் போகவில்லை. அந்தப் பருவம் கடந்துவிட்டது. என் தாயாருக்கு 83 வயது. சென்ற ஆண்டு மாரியிலே கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சத்திர சிகிச்சைக்குப் பின்னும் அவர் தாமாக எழும் நிலையை அடையவில்லை. மகன் கனடாவில், மகள் மணமாகிக் கொழும்பில். கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் நாளொன்றுக்கு ஆறேழு முறை அவரை மாற்றவேண்டியவர்கள் நானும் என் மனைவியுமே. அம்மாவின் நிறை 43 கிலோ. ஓர் அந்தருக்கும் குறைவு. 1995 ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கும் எங்கள் வடமராட்சிக்கும் வந்து சேர்ந்த நாட்களிலே, அரிசி மூட்டைகளை லொறியிலிருந்து தோளில் இறக்கிப் பாடசாலை மண்டபத்திற் கொண்டுபோய் அடுக்கியவன் நான். அந்தத் தோளை நம்பி ஒரு நாள் மனைவி இல்லாத வேளையில் அம்மாவைத் தனியே தூக்கினேன். பாதி தூக்கியபோதே முழங்கால் நடுங்கியது. அம்மாவும் நானுமாகக் கட்டிலோரமாய்ச் சரிந்து நிலத்தில் இருந்துவிட்டோம். அவருக்குக் காயமில்லை. “பரவாயில்லைத் தம்பி, பக்கத்து வீட்டுப் பொடியனைக் கூப்பிடு” என்றார். அந்தச் சொல் என்னை அன்றிரவு உறங்க விடவில்லை.

அதே வாரம் வைத்தியரும் இரத்தத்திற் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறதென்று சொல்லி, “நிறையைக் குறையுங்கள்” என்று கட்டளையிட்டார். இவ்வாறாக, எனக்கு வேண்டியது ஒன்றும், உலகம் என்னிடம் அளந்து கேட்டது வேறொன்றுமாகிவிட்டன. எனக்கு வேண்டியது வலிமை. பொறி காட்டியதோ நிறை.

மூன்றாந் திங்களில், இனிப் போவதில்லை என்று முடிவு செய்து பயிற்சியாளனிடம் சொல்லச் சென்றேன். அவன் என் பழைய மாணாக்கன். யாப்பிலக்கணத்தில் ஒரு நாளும் தேறாதவன். அவன் சிரித்துவிட்டு, “சேர், பூமி உங்களை எவ்வளவு இழுக்குது எண்டுதான் உந்தத் தராசு சொல்லும். நீங்கள் பூமியிலையிருந்து எவ்வளவை இழுத்தெடுக்கிறியள் எண்டு அதுக்குத் தெரியாது” என்றான். யாப்புத் தெரியாதவன் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து இருந்து யோசித்தேன். தொல்காப்பியத்துக்கு உரைகண்ட பழையோர் அளவையை எழுவகையாகச் சொல்லுவர்: நிறுத்தளத்தல், பெய்தளத்தல், சார்த்தியளத்தல், நீட்டியளத்தல், தெறித்தளத்தல், தேங்கமுகந்தளத்தல், எண்ணியளத்தல் என. முப்பது ஆண்டுகளாக இதனைப் பண்டித வகுப்பிலே மனப்பாடஞ் செய்வித்து வருகிறேன். ஏழு அளவை இருக்க, என் உடம்புக்கு மட்டும் நிறுத்தளத்தல் ஒன்றையே பிடித்துக்கொண்டு நின்ற பேதைமையை என்னென்பது!

நிறுத்தளத்தலின் குறை யாதென்று முதலிற் பார்ப்போம். தசையானது கொழுப்பைக் காட்டிலும் செறிந்த பொருள். ஒரு லீற்றர் அளவான தசை ஏறக்குறைய 1.06 கிலோ நிறுக்கும். அதே அளவான கொழுப்பு 0.9 கிலோவே நிறுக்கும். பாரந்தூக்கிப் பழகுபவன் உடம்பிலே கொழுப்புக் கரைந்து தசை சேரும்போது தராசின் முள் அசையாமலே நிற்கலாம். உள்ளே குடியிருப்பவர் மாறிவிட்டனர் என்பது அதற்குத் தெரியாது. அன்றியும், தசையிலே சேமிக்கப்படும் கிளைக்கோஜன் என்னும் மாச்சத்து ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும். முதல் நாள் உண்ட உப்பும் பருகிய நீரும் மறுநாட் காலையில் ஒரு கிலோவைக் கூட்டவும் குறைக்கவும் போதும். எங்கள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு ஒன்றே என் ஒரு வாரத்து முயற்சியைப் பொறியின்மேல் மறைத்துவிட வல்லது.

தேங்கமுகந்தளத்தல் என்பது நிரம்பி வழிய முகந்து அளப்பது. இதற்கும் உடம்புக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் நகைக்கலாம். 1942 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை வைத்தியரான அல்பேட் பென்கே என்பார் 25 உதைபந்தாட்ட வீரர்களை நீருள் அமிழ்த்தி நிறுத்துப் பார்த்தார். (உதைபந்தாட்டம் என்பது அந்நாட்டார் கையாற் பிடித்து ஓடும் ஆட்டம், நம்மவரது அன்று.) உயரத்துக்கு இவ்வளவு நிறைதான் இருக்கலாம் என்ற அக்காலத்து அட்டவணைப்படி அவர்களுள் 17 பேர் படைச்சேவைக்குத் தகுதியற்ற பருமனர். ஆர்க்கிமிடீஸ் வழியில் அவர்தம் உடலின் செறிவைக் கணித்தபோது, அந்தப் பதினெழுவருட் பெரும்பாலோர் கொழுப்புக் குறைந்த கட்டுடலினர் என்பது தெரிந்தது. தராசு அவர்களைக் கொழுத்தவர் என்றது; நீர் அவர்களை வலியர் என்றது. நூல் சொன்ன அளவையைப் பழையோர் நெல்லுக்குக் கொண்டனர். நாம் ஆளுக்குக் கொள்வதில் இழுக்கில்லை.

இதற்கு மறுதலையான கதை நம்மவரை நேரே தொடுவது. நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கை 1830களில் வகுத்தவர் அடோல்ப் கெற்லே என்னும் பெல்ஜியத்துக் கணிதர். 2004 ஆம் ஆண்டில், புனே நகரத்து வைத்தியர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் அவர் நண்பரான லண்டன் வைத்தியர் ஜோன் யட்கினும் தம் இருவரது படத்தையும் அருகருகே இட்டு ‘லான்செற்’ என்னும் வைத்திய ஏட்டில் வெளியிட்டனர். கெற்லே கணக்கில் இருவருக்கும் 22.3 என்ற ஒரே எண். ஆயின், யட்கின் உடலிற் கொழுப்பு நூற்றுக்கு 9.1, யாக்னிக் உடலில் 21.2. தென்னாசியராகிய நாம் மெலிந்தவர்போலத் தோன்றியே வயிற்றுக்குள் கொழுப்பைப் பதுக்கி வைக்கும் சாதியினர். அதே 2004 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியருக்கு 23 என்ற எண்ணிலேயே விழித்துக்கொள்ளுதல் வேண்டும் என்றது. எனக்கு அது 24.

ஆகவே நீட்டியளத்தல் வேண்டும். தையற்காரர் நாடாவே போதும். கடை விலாவெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட நிலையிற் சுற்றி அளக்கவேண்டும். தென்னாசிய ஆடவருக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்டிருக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லையென்பர். நாடாவை இறுக்கினால் எண் குறையும். வயிற்றை எக்கினாலும் குறையும். நான் இரண்டையும் செய்து பார்த்தவன். பின்னர் மனைவியிடம் நாடாவைக் கொடுத்துவிட்டேன். தொடக்கத்தில் 97, நாலாம் மாத முடிவில் 92. “இஞ்சாருங்கோ, இனி இந்தக் காற்சட்டைக்குப் பெல்ட் வேணும்” என்று அவள் சொன்ன நாளில் பொறி 68 என்றே காட்டிற்று.

தெறித்தளத்தல் என்பது நரம்பைத் தெறித்து ஓசையால் அளப்பது. விரல் நுனியால் நாடி பார்ப்பதை இதனுள் அடக்கலாமோ என்று இலக்கணப் புலவர் என்னோடு சண்டைக்கு வரலாம், வரட்டும். காலையில் எழுந்ததும் நிமிடத்துக்கு 82 ஆக இருந்த என் நாடி 74 க்கு இறங்கிற்று. பெய்தளத்தலுக்கு மட்டும் நான் இன்னும் இடங்காணவில்லை.

வலிமையை அளத்தற்கு எண்ணியளத்தலும் சார்த்தியளத்தலுமே முதன்மையானவை. திருநெல்வேலிப் பக்கத்து ஊர்களிலே இளவட்டக்கல் என ஒன்று உண்டு. உருண்டு வழுவழுத்த அக்கல்லை முழங்காலுக்கும் மார்புக்கும் தோளுக்குமாக ஏற்றிப் பின்புறம் எறிபவனுக்கே பெண் கொடுப்பர் என்பது பழைய வழக்கு. வடலிவிளை போன்ற ஊர்களிற் பொங்கற் காலத்தில் இன்றும் அது போட்டியாக நடக்கிறது, பெண்டிரும் தூக்குகின்றனர். அங்கே கல்லின் நிறைதான் எல்லார் வாயிலும் இருக்கும். இளைஞனின் நிறையை எவரும் கேட்பதில்லை. எங்கள் ஊரிலும் துலா மிதித்து இறைத்த காலத்தில் ஒருவனை எத்தனை புகையிலைக் கன்றுக்கு நீர் இறைத்தான் என்று கேட்டார்களேயன்றி, எத்தனை இறாத்தல் இருக்கிறான் என்று கேட்டதில்லை.

பாரந்தூக்கலைப் போட்டியாகக் கொண்டவர்களோ உடல் நிறையை ஒரு வேலியாக நிறுத்திவிட்டு, வேலிக்குள்ளே வலிமையை வளர்க்கின்றனர். வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரப் பொதுநலவாய விளையாட்டில் 77 கிலோப் பிரிவில் 149, 179 எனத் தூக்கி மொத்தம் 328 கிலோவுடன் பொன் வென்றார். 2018 இல் கோல்ட் கோஸ்ற் நகரிலும் அதே 77 கிலோப் பிரிவில் அவருக்கே பொன். ஆனால் மொத்தம் 317. ஆண்டுதோறும் எண் ஏறிக்கொண்டே போகவேண்டும் என்று எண்ணும் தொடக்கக்காரர் இதனைக் கவனித்தல் வேண்டும். மாவீரனுக்கும் எண் இறங்கும்.

இதற்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. முதற் சில வாரங்களில் தூக்கும் பாரம் விரைந்து ஏறும். அது தசை பெருத்ததனால் அன்று. நரம்புகள் அச்செயலைக் கற்றுக்கொண்டதனால். நான் முதல் மாதத்தில் 20 கிலோத் தண்டிலிருந்து 35 க்குத் தாவிப் பெருமிதங்கொண்டேன். பின் 50 ஐ எட்ட மூன்று மாதமாயிற்று. இடையில் ஒரு நாள் ஆசையால் அதிகம் ஏற்றி, முதுகு பிடித்துக்கொண்டு பத்து நாள் கிடந்தேன். பீலியேயாயினும் மிகுத்து ஏற்றினால் அச்சு முரியும் என்று வள்ளுவர் சொன்ன ‘வலியறிதல்’ அதிகாரத்தை அந்தப் பத்து நாளும் கட்டிலிற் கிடந்தபடியே ஒரு பெண்பிள்ளைக்குப் பாடஞ் சொன்னேன். வலி என்ற சொல்லை நம்மூரார் நோவுக்கு அதிகம் வழங்குவதில்லை. நோவை நோ என்றே சொல்வோம். அந்த வாரம் மட்டும் அச்சொல்லின் இரு பொருளும் எனக்கு விளங்கின.

வயது முதிர்ந்தோர்க்கு உதவும் அளவைகள் இரண்டு. ஒன்று கைப்பிடியின் வலிமை. பிடித்து நெரித்தால் கிலோக் காட்டும் சிறு கருவி உண்டு. இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் ஏறக்குறைய 1,40,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015 இல் வெளியிட்ட ஆய்வொன்று, பிடியில் 5 கிலோ குறையுந்தோறும் இறப்பு நேரும் அபாயம் நூற்றுக்கு 16 வீதம் கூடக் கண்டது. இதைக் கேட்டுவிட்டு என் நண்பரொருவர் பந்தொன்றை வாங்கி நாள் முழுதும் பிசைந்துகொண்டிருக்கிறார். பிடி ஓர் அறிகுறி. முழு உடலின் வலிமையை அது காட்டுகிறதேயன்றி, கையை மட்டும் முறுக்கேற்றுவதால் ஆயுள் நீளாது. ஆசிய நிபுணர் குழு 2019 இல் ஆடவருக்கு 28 கிலோவையும் பெண்டிருக்கு 18 கிலோவையும் கீழெல்லையாக வைத்தது. நான் தொடங்கும்போது 26. இரண்டாவது, கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர்தல். 12 விநாடி அல்லது அதற்கு மேற் சென்றால் கவனிக்கவேண்டும் என்பர். எனக்கு 15 சென்றது. இதற்குப் பணமும் வேண்டாம், கூடமும் வேண்டாம். ஒரு நாற்காலியும் மணிக்கூடும் போதும்.

இவ்வளவு சொன்னதால் தராசை வீசிவிடுக என்று நான் சொன்னதாகக் கொள்ளற்க. இருதய நோயாளருக்குச் சில நாளில் நிறை திடீரென ஏறினால் உடலில் நீர் தேங்குகிறதென்று பொருள். அவர் வைத்தியரிடம் ஓடவேண்டும். அம்மாவின் நிறையை நான் இன்றும் மாதந்தோறும் குறித்து வருகிறேன், அது குறையக்கூடாது.

சார்த்தியளத்தலுக்கு ஒரு பழைய அப்பியாசக் கொப்பி வைத்திருக்கிறேன். இன்னொருவரோடு சார்த்துவதில்லை, கூடத்திலே என் அருகில் தூக்குபவன் பதினெட்டு வயதினன், அவனோடு சார்த்தினால் அன்றே வீட்டுக்கு வந்துவிடுவேன். என்னோடு என்னையே சார்த்துகிறேன். சென்ற வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் இவ்வளவே இருக்கிறது: தண்டு 50, ஐந்து முறை, பிடி 30, நாற்காலி 10 விநாடி, இடுப்பு 92.

அந்த வெள்ளி மாலை மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். அம்மா நாற்காலிக்கு மாறவேண்டும் என்றார். கட்டிலருகே காலை அகற்றி ஊன்றி, இடுப்பை முன்னே கொண்டுவந்து, முதுகை நேராக வைத்து, அவர் கைகளை என் கழுத்திற் கோத்து எழுந்தேன். இரண்டடி திரும்பி இருத்தினேன். முழங்கால் நடுங்கவில்லை. அம்மா மூச்சை விட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “இண்டைக்கு ஆட்டமில்லாமல் தூக்கினாய் தம்பி. நீ கொஞ்சம் மெலிஞ்சு போனாய் போல கிடக்கு, சாப்பிடுறேல்லையோ?” என்று கேட்டார்.

கொப்பியில் அதையும் எழுதிவைத்தேன்.