'பிஞ்ச்' என்னும் சொல்லும் மட்டசனமும்

"விடுமுறையில் தொடர் முழுவதையும் ஒரே மூச்சில் பிஞ்ச் செய்துவிட்டேன்" என்று நம் இல்லத்து இளைஞர் பெருமையோடு கூறக் கேட்கிறோம். பொருள் விளங்காமலே பெற்றோரும் புன்னகை செய்கின்றனர். விளையாட்டாக வழங்கும் இவ்வாங்கிலச் சொல்லின் பிறப்பையும் பொருளையும் சற்றே ஆராய்வோம்.

இங்கிலாந்தின் நாட்டுப்புற வழக்கில் 'பிஞ்ச்' என்றால் மரப்பாத்திரத்தை நீரில் ஊறவைத்தல் என்று பொருள். காய்ந்த மரத்தொட்டி சுருங்கிக் கசியும். ஊறினால் பலகைகள் பருத்து இடைவெளி அடைபடும். 1854-இல் ஆன் எலிசபெத் பேக்கர் அம்மையார் வெளியிட்ட நார்த்தாம்டன்ஷயர் வட்டாரச் சொற்கோவையிலேயே, மதுக்கடை சென்று தன்னை ஊறவைத்துக்கொள்பவனையும் இச்சொல் சுட்டக் காண்கிறோம். பாத்திரத்தின் சொல் குடிகாரனுக்கு உரியதாயிற்று! பின்னர் அது அளவிறந்த உணவையும் குறித்தது. 2015-இல் காலின்ஸ் அகராதியார், தொடர்களை ஓயாது பார்ப்பதைக் குறிக்கும் 'பிஞ்ச் வாட்ச்' என்பதையே அவ்வாண்டின் சொல்லாகத் தெரிந்தெடுத்தனர்.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. திருமண விருந்தில் வயிறார உண்பது பிஞ்ச் அன்று. குறுகிய நேரத்தில், நிறுத்த இயலாதவாறு, ஒன்றில் மூழ்குவதே இச்சொல்லின் உட்பொருள். 2013-இல் வெளியான அமெரிக்க உளமருத்துவக் கையேடு, கட்டுக்கடங்காது உண்ணும் நிலை ஒன்றைத் தனி நோயாகவே ஏற்றுக்கொண்டது. அந்நோயுற்றோர் வெட்கத்தால் தனிமையில் உண்டு, பின் குற்ற உணர்வால் வாடுவர். அத்தகையோருக்கு வேண்டுவது வசை மொழியன்று. மருத்துவரின் துணையும் குடும்பத்தாரின் அன்புமே. நோயாளியைப் பாவி எனத் தூற்றுவது பிறர்சிநேகத்துக்கு மாறானது.

நோயல்லாத இடத்திலோ, திருச்சபை தொன்றுதொட்டே நம்மை எச்சரித்து வந்துள்ளது. தலையான பாவங்கள் ஏழனுள் போசனப்பிரியம் ஒன்று. பெரிய கிரகோரியாரைப் பின்பற்றிப் புனித தாமஸ் அக்குவினாஸ் அதனை ஐவகையாகப் பிரித்துரைக்கிறார்: காலத்துக்கு முந்தி உண்ணல், விலையுயர்ந்ததையே நாடல், பக்குவத்தில் மிகு நுட்பம் தேடல், அளவு மீறல், பேராவலோடு விழுங்கல். அளவு மட்டுமன்று, மனத்தின் போக்கும் ஆராயப்படுகிறது என்பது இதனால் புலப்படும். இதற்கு எதிரான புண்ணியத்தை நம் முன்னோர் ஞானோபதேசத்தில் 'மட்டசனம்' என்று மனப்பாடம் செய்தனர். மட்டு என்பது அளவு. அசனம் என்பது உணவு. எத்துணை அழகிய சொல்!

பாலைவனத்தில் இஸ்ராயேல் மக்களுக்கு மன்னா அன்றன்றைக்கு வேண்டிய அளவே அருளப்பட்டது. மறுநாளுக்கெனப் பதுக்கியது புழுத்துப்போயிற்று என யாத்திராகமம் உரைக்கிறது. அதே மக்கள் இறைச்சிக்கு ஏங்கிக் காடைகளைக் குவித்தபோது நேர்ந்த சாவினால், அவ்விடத்துக்கு 'ஆசையின் கல்லறைகள்' என்றே பெயர் வழங்கியதாக எண்ணாகமம் கூறும்.

மரத்தொட்டி ஊறினால் கசிவு நிற்கும். மனிதனோ ஊற ஊறக் கசிகிறான். எவ்வளவு ஊற்றினும் அவன் நிறைவதில்லை. இன்று கைப்பேசித் திரையில் ஒரு பாகம் முடிந்ததும் அடுத்தது தானே தொடங்கிவிடுகிறது. 'போதும்' என்று சொல்லும் வாய்ப்பே நம்மிடமிருந்து மெல்லப் பறிக்கப்படுகிறது. நள்ளிரவு கடந்து விழித்திருக்கும் மகனையும் மகளையும் மட்டும் கடிந்து பயனில்லை. அடுத்த அறையில் நாமும் அதையே செய்துகொண்டிருக்கலாம் அன்றோ?

உணவுக்கு முன்னொரு செபமும் பின்னொரு செபமும் நம் இல்லங்களில் வழக்கமாய் இருந்தன. பின்செபம் நன்றி மட்டுமன்று. 'போதும், ஆண்டவரே' என்ற நிறைவின் சொல்லுமாகும். மறந்துபோன அச்செபத்தை இன்றிரவு உணவு மேசையில் மீண்டும் தொடங்குவோமாக. தொலைக்காட்சியை அணைக்கும் வேளையிலும் அதைச் சொல்லப் பழகினால், மட்டசனம் நம் பிள்ளைகளுக்கு வெறும் பாடமாக நில்லாமல் பழக்கமாக வேரூன்றும்.