மீண்டும் தொழிலுக்குச் செல்லும் சகோதரிக்கு

 

ஜிந்துப்பிட்டியிலே வசிக்கும் ஒரு சகோதரி. திருமணத்திற்கு முன் கணக்கெழுதும் தொழில் பார்த்தவர். பின்னர் ஒன்பது வருடங்கள் பிள்ளை வளர்ப்பிலேயே கழிந்தன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் கணவரின் வருமானம் வீட்டுக்குப் போதவில்லை. இளைய பிள்ளையும் பாடசாலை செல்லத் தொடங்கிவிட்டதால் தொழில் தேடினார். இரண்டு கிடைத்தன. ஒன்று புறக்கோட்டையில் ஒரு புடவை மொத்த வியாபார நிலையம். நடந்தே போகலாம், மாதம் 65,000 ரூபாவைக் கையில் தருவதாகச் சொன்னார்கள். மற்றது பம்பலப்பிட்டியில் ஓர் அலுவலகம்; பஸ்ஸில் போய்வர வேண்டும்; சம்பளம் 60,000 ரூபா. "எதற்குப் போவது மௌலவி? இஸ்திகாரா தொழுதும் கனவு ஒன்றும் வரவில்லையே" என்று கேட்டார்.

பெண் தொழிலுக்குப் போகலாமா என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை. முதிய தந்தைக்காக ஆடுகளுக்கு நீர் புகட்டச் சென்ற மத்யன் நகரத்துப் பெண்கள் இருவரின் வரலாற்றை அல்குர்ஆன் ஸூரத்துல் கஸஸில் கூறுகின்றது. ஒழுக்க வரம்பு பேணி, ஹலாலான தொழிலைத் தேடும் பெண்ணுக்கு அதிலே ஆறுதல் உண்டு. ஆகவே அவர் கேட்ட கேள்விக்கே வருவோம்.

இஸ்திகாராவுக்குக் கனவு நிபந்தனையல்ல. குர்ஆனின் ஓர் அத்தியாயத்தைக் கற்பிப்பது போல நபி (ஸல்) அவர்கள் இதனைத் தம் தோழர்களுக்குக் கற்பித்ததாக ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். அந்த அறிவிப்பிலே கனவைப் பற்றிய பேச்சே இல்லை. பச்சை நிறம் கண்டால் நல்லது, கறுப்புக் கண்டால் தீயது என்பதெல்லாம் நம்மவர்கள் சேர்த்துக்கொண்டவை. விசாரித்து, மஷூறா செய்து, மனம் ஒரு பக்கம் சாயும்போது அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டுவதே இஸ்திகாரா. விசாரிக்கும் சிரமத்திலிருந்து தப்புவதற்கு அது வழியல்ல.

எப்படி விசாரிப்பது? பாத்திமா பின்த் கைஸ் (ரழி) என்ற ஸஹாபிப் பெண்மணியைப் பாருங்கள். இத்தா முடிந்ததும் முஆவியா (ரழி), அபூ ஜஹ்ம் (ரழி) ஆகிய இருவரும் அவரைப் பெண் கேட்டனர். அவர் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார். நபியவர்கள் ஒருவரின் வறுமையையும் மற்றவரின் கடுமையையும் மறைக்காமல் எடுத்துச் சொல்லி, உஸாமா (ரழி) அவர்களை மணக்குமாறு கூறினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. ஆலோசனை கேட்பவரிடம் உண்மைக் குறையைச் சொல்வது புறமாகாது என்பதற்கு இமாம் நவவி (ரஹ்) இதனை ஆதாரமாகக் காட்டுகின்றார்கள். ஆதலால் அங்கே வேலை செய்த பெண்களிடம் போய்க் கேளுங்கள்: முதலாளியின் குணம் எப்படி? ளுஹர் தொழ இடமுண்டா? சம்பளம் மாத முடிவில் வருகிறதா, இழுத்தடிக்கப்படுகிறதா? கேட்கப்படுபவரும் "எனக்கேன் வம்பு" என்று ஒதுங்கிவிட வேண்டாம்.

வட்டிக் கணக்கு எழுதும் வேலையாயின், ஒப்பிடுவதற்கு முன்பே அதை ஒதுக்கிவிட வேண்டும். வட்டியை எழுதுபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கின்றார்கள்.

இனிச் சம்பளக் கணக்கு. இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி உங்கள் பங்கு 8 வீதம், தொழில்தருநரின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவர் மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். 60,000 ரூபாச் சம்பளத்தில் உங்களிடம் கழிக்கப்படுவது 4,800 ரூபா. கைக்கு வருவது 55,200 ரூபா. ஆனால் உங்கள் பெயரில் மாதந்தோறும் சேர்வது 4,800, 7,200, 1,800 ஆக மொத்தம் 13,800 ரூபா. இரண்டையும் கூட்டினால் 69,000. சேமலாப நிதி இல்லாத 65,000 இதைவிடக் குறைந்ததே. அதுமட்டுமல்ல, இந்நிதியைக் கட்டாமல் விடுவது ஊழியரின் உரிமையை மறுப்பதாகும். வேலை நேரத்தையும் கேளுங்கள்: கடை, அலுவலக ஊழியர்களுக்கு 1954ஆம் ஆண்டின் சட்டம் வகுத்த சாதாரண வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம்.

பெற்றோர்களுக்கும் கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. மனைவி உழைக்கத் தொடங்கியதும் குடும்பச் செலவு அவள் தலையில் விழுந்துவிடாது. இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களின் மனைவி ஸைனப் (ரழி) தம் பொருளிலிருந்து கணவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டபோது, உறவைப் பேணிய கூலி, தர்மத்தின் கூலி என இரு கூலிகள் உண்டென நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். தர்மம் என்றால் அது அவளுடைய பொருள். கொடுப்பது அவளது விருப்பம். சம்பள நாளன்று கையை நீட்டி நிற்பது ஆண்மைக்கு அழகல்ல என்பது என் கருத்து. வீட்டில் இருக்கும்போது நபி (ஸல்) அவர்கள் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்ததை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கின்றார்கள்.

அச்சகோதரி விசாரித்தார். புடவை நிலையத்தார் சேமலாப நிதி கட்ட இயலாது என்றார்கள். அலுவலகத்திலே முன்பு வேலை செய்த ஒருவர், அங்கே தொழுகைக்கு இடமுண்டு, ஆனால் ஐந்து மணிக்கு விட்டபின் பஸ் நெரிசலில் வீடு வர மஃரிபை நெருங்கிவிடும் என்றார். கணவரோடும் மாமியோடும் மஷூறா செய்து, மறுபடியும் இஸ்திகாரா தொழுது, அலுவலகத்தைத் தெரிவு செய்தார். "வரமாட்டேன்" என்று புடவை நிலையத்தாருக்கு அன்றே அறிவித்தார். மத்ரஸாவிலிருந்து பிள்ளைகளை அழைத்து வருவது இப்போது வாப்பாவின் வேலை.