மலைக்குப் பிறந்த சைக்கிள் மட்டாஞ்சேரிச் சந்தில்

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு காலத்தில் சைக்கிள் என்றால் சுமை வண்டிதான். காயலை ஒட்டி வரிசையாக நிற்கும் கிடங்குகளில் மிளகும் சுக்கும் ஏலமும் மூட்டை மூட்டையாக இறங்கும். பெரிய சரக்குக்கு உந்துவண்டி. சின்னச் சரக்குக்கும், மாதிரிப் பொட்டலத்துக்கும், பற்றுச்சீட்டோடு கடை கடையாகப் போகும் கணக்குப்பிள்ளைக்கும் சைக்கிள். ஃபோர்ட் கொச்சி தோபி கானாவில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் வெளுத்த துணி மூட்டையைக் கேரியரில் கட்டி வீடு வீடாகக் கொண்டுபோனதும் அந்தக் கறுப்பு வண்டியில்தான்.

28 அங்குலச் சக்கரம், கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் பிரேக், முழுச் செயின் கவர், டயரில் உரசி எரியும் டைனமோ விளக்கு. 1949-ல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கிய பிறகு ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் சென்னையிலிருந்தே வர ஆரம்பித்தன. எந்தக் கம்பெனி வண்டியானாலும் பாகங்கள் ஏறத்தாழ ஒன்றுக்கொன்று பொருந்தும். அதனால்தான் தெருமுனை சைக்கிள் கடைக்காரரால் எதையும் சரிசெய்ய முடிந்தது. அவர் கோட்டம் எடுப்பதை நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றுவார். ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு சாக்குக்கட்டியை அசையாமல் பிடிப்பார். வெள்ளை படும் இடம்தான் கோட்டம். அந்தப் பக்கத்து நிப்பிளைத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்தை அரைத்திருப்பு முறுக்கி, மறுபடி சுழற்றுவார். கடற்காற்று முதலில் தின்பது ஸ்போக்கைத்தான் என்பதால் மட்டாஞ்சேரியில் இந்த வேலைக்கு என்றும் பஞ்சமில்லை.

இன்று அந்தச் சரக்கு பெரும்பாலும் போய்விட்டது. யூதர் தெருவில் 1957-ல் தொடங்கிய மிளகு வணிகச் சங்கத்தின் கூடத்தில் கூவிக் கூவி விலை சொன்ன வியாபாரம் கணினிக்கு மாறியது. பல கிடங்குகள் பழம்பொருள் கடைகளாகவும் காப்பிக் கடைகளாகவும் ஆகிவிட்டன. 2012 முதல் பியெனாலே கலைவிழா வேறு சிலவற்றைக் கண்காட்சிக் கூடமாக்கியது. 2025 அக்டோபரில் வாட்டர் மெட்ரோவின் மின்படகும் மட்டாஞ்சேரித் துறைக்கு வந்து சேர்ந்தது. தண்ணீரில் வருகிறவர்களுக்கு இனி கவலையில்லை. துறையிலிருந்து உள்ளே, கார் நுழையாத சந்துகளுக்குப் போவதுதான் பாக்கி. அந்தச் சந்துகளின் அகலம் மட்டும் மாறவே இல்லை. மின்சைக்கிள் பொருந்தும் இடம் அதுதான்.

அந்த வண்டிக்கு வெளியூர் போக வேண்டியதும் இல்லை. கொச்சியைச் சேர்ந்த வான் எலெக்ட்ரிக் மோட்டோ, இத்தாலியின் பெனெல்லியோடு சேர்ந்து 2022 ஜனவரியில் அர்பன்ஸ்போர்ட், அர்பன்ஸ்போர்ட் ப்ரோ என்று இரண்டு மின்சைக்கிள்களை வெளியிட்டது. அலுமினியச் சட்டம், 250 வாட் மோட்டார், கழற்றி வீட்டுக்குள் எடுத்துப்போகக்கூடிய இரண்டரைக் கிலோ பேட்டரி. முழுதாக ஏற அரை யூனிட் மின்சாரம் போதும் என்றார்கள். மிதித்துக்கொண்டே போனால் 60 கிலோமீட்டர். அன்றைய விலை 59,999 ரூபாயும் 69,999 ரூபாயும். நம் நாட்டுச் சட்டப்படி மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் 25 கிலோமீட்டருக்குள்ளும் அடங்கினால் உரிமமோ பதிவோ வேண்டாம். இரும்புச் சட்டம் அலுமினியம் ஆனதே உப்புக்காற்று ஊருக்குப் பெரிய லாபம். ஆனால் இந்த வகை வண்டிகள் உல்லாசமாக ஓட்டுகிறவரை மனத்தில் வைத்தே பிறந்தவை. அந்த விலைக்குத் துணி மூட்டை சுமக்கிறவர் வாங்கமாட்டார்.

எனக்கு ஆர்வம் தருவது இன்னும் கடைக்கு வராத வண்டிகள். மின்மோட்டார் வைத்த மலைச் சைக்கிளில்தான் இப்போது துணிந்த யோசனைகள் நடக்கின்றன. சக்கரத்தின் குடத்துக்குள் மோட்டார் வைப்பது பழைய யோசனை. அமெரிக்காவில் ஆக்டன் போல்ட்டன் என்பவர் 1895-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை உணர்ந்து, அந்த அளவுக்கு மோட்டார் கைகொடுக்கும் சைக்கிளை யமஹா 1993-ல் ஜப்பானில் விற்கத் தொடங்கியது. அதே யமஹா 2023-ல் இரண்டு மாதிரி வண்டிகளைக் காட்டியது. ஒன்றில் இரண்டு சக்கரமும் உந்தும். இன்னொன்றான ஒய்-00இஸட் மலைச் சைக்கிளில் ஹேண்டில்பாருக்கே மின்துணை உண்டு. கல்லில் மோதிச் சக்கரம் திரும்பப் பார்க்கும்போது அது பிடித்து நிறுத்த உதவும். ஜெர்மனியின் பினியன் நிறுவனம் அதே ஆண்டு மோட்டாரையும் கியர்பெட்டியையும் மூடிய ஒரே கூட்டுக்குள் வைத்தது. கியர் மாற்றும் பற்சக்கர அடுக்கு வெளியே இல்லாததால் செயினுக்குப் பதில் பெல்ட்டே போட்டுக்கொள்ளலாம்.

மட்டாஞ்சேரியில் மலை ஏது என்று கேட்கலாம். ஊரே கடல்மட்டத்தில் கிடக்கிறது. இங்கே ஏற்றம் என்றால் பாலம்தான். வில்லிங்டன் தீவுக்குப் போகும் பழைய தோப்பும்படிப் பாலமும், அதற்குப் பக்கத்தில் வந்த புதுப் பாலமும். ஆனால் மலைச் சைக்கிளை வடிவமைக்கிறவன் எந்தத் தொல்லைகளுக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறானோ, அவை எல்லாம் இந்தச் சந்துகளில் இருக்கின்றன. கருங்கல் பாவிய தரை குலுக்கும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் கடல் ஏற்றமும் சேர்ந்தால் சந்தில் தண்ணீர் நிற்கும். வடிந்த பிறகு சேறு வழுக்கும். உப்பு எதையும் விடாது. மூடிய கியர்பெட்டியும் பெல்ட்டும் மலையேறிக்கு வசதி, மட்டாஞ்சேரிக்கு அவசியம். துருப்பிடிக்கச் செயினே இல்லை, எண்ணெய் போடவும் வேண்டாம். இரண்டு சக்கரமும் உந்தினால் ஈரக்கல்லில் பின்சக்கரம் மட்டும் சுழன்று ஏமாற்றாது. ஹேண்டில்பாரில் இரண்டு பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நெரிசலில் மெல்லப் போகிறவருக்கு ஹேண்டில்பாரின் அந்த மின்துணையைவிடப் பெரிய உதவி என்ன இருக்கிறது? மெதுவாகப் போகும்போதுதான் பளுவேறிய சைக்கிள் கையை மீறி ஆடும்.

இத்தனை யோசித்தவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. அந்த மாதிரி வண்டிகளில் கேரியர் இல்லை. ஒருவர் தலைக்கவசத்தோடு தனியாக மலையிறங்கும் காட்சிதான் அவர்கள் மனத்தில். மட்டாஞ்சேரியில் சைக்கிள் தனி ஆளை மட்டும் சுமந்த காலமே கிடையாது. பின்னால் ஒரு மூட்டை, முன்கம்பியில் ஒரு பிள்ளை. எடை எங்கே உட்காரும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு அதைச் சுற்றிச் சட்டம் வளைப்பதுதான் நம் ஊருக்கான வடிவமைப்பு. பேட்டரியைச் சட்டத்தின் அடிக்குழாயில் வைப்பதால் எடை கீழே இறங்குகிறது. அதை இன்னும் கீழே, பெடல் அச்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் கேரியரில் ஏறும் பாரத்தை ஓரளவு ஈடுகட்டும்.

எனக்கு உண்மையில் வலிப்பது பழுதுபார்க்கும் விஷயம். மின்சைக்கிள் நின்றுவிட்டால் காரணம் பெரும்பாலும் சின்னதாகவே இருக்கும். பிரேக் கைப்பிடியில் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் சிக்கியிருக்கும், அல்லது ஒயர் இணைப்பில் உப்பு பூத்துப் பச்சை படிந்திருக்கும். ஆனால் பெட்டியைத் திறந்தால் வாரண்டி போய்விடும் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதால் கடைக்காரர் கையை எடுத்துவிடுகிறார். பின்சக்கரத்தில் பஞ்சர் என்றால்கூட மோட்டார் ஒயரைக் கழற்றத் தெரிய வேண்டும். ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொன்றின் சட்டத்தில் உட்காராது. ஐம்பது வருடம் எந்த வண்டியையும் தொட்டுச் சரிசெய்த கை இப்போது சும்மா இருக்கிறது. இதை முன்னேற்றம் என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

களமசேரியில் மின்னணுக் கருவி செய்யும் புதுத் தொழில்களை வளர்க்கும் மேக்கர் வில்லேஜ் இருக்கிறது, கொச்சிப் பல்கலைக்கழகமும் பக்கத்திலேயே. மின்படகைக் கட்டித் தந்த கப்பல் தளம் இதே ஊரில்தான். இவர்கள் அடுத்த மாதிரி வண்டியை மட்டாஞ்சேரிக்கென்று வரையட்டும். அலுமினியச் சட்டம், மூடிய கியர், பெல்ட். ஐம்பது கிலோ தாங்கும் கேரியர், சுமை ஏற்றும்போது சாயாத இரட்டைக்கால் ஸ்டாண்ட். தண்ணீர் புகாத, ஆனால் நான்கு திருகில் திறக்கிற கன்ட்ரோலர் பெட்டி, அதன் மூடியின் உட்பக்கமே அச்சிட்ட ஒயரிங் படம். எல்லா நட்டும் தெருமுனைக் கடையில் ஏற்கனவே தொங்கும் ஸ்பேனர்களுக்குப் பொருந்தும் அளவில்.