பார்க்கின்சன்: நோய் தராத துன்பங்கள்

தலைசுற்றுகிறது என்று மருந்துக்கடையில் போய் நின்றால், சீட்டு இல்லாமலே கைக்கு வந்துவிடும் மாத்திரைகள் ஸ்டெமெட்டிலும் ஸ்டுஜெரானும். வாந்தி என்றால் பெரிநார்ம். பார்க்கின்சன் நோயாளிக்கு இந்த மூன்றுமே ஆகாது. மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிவதால் வரும் நோய் இது. மிச்சமிருக்கும் டோபமைனையும் வேலை செய்யவிடாமல் தடுப்பவை இந்த மாத்திரைகள். நோயே இல்லாத முதியவருக்குக்கூட இவற்றை மாதக்கணக்கில் கொடுத்தால் பார்க்கின்சன் போலவே நடுக்கமும் விறைப்பும் வரலாம்.

போன வாரம்வரை கைத்தடி ஊன்றி நடந்தவர் இந்த வாரம் எழவே முடியாமல் கிடந்தால், நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். பார்க்கின்சன் ஒரே வாரத்தில் அப்படி முற்றாது. புதிதாக என்ன மாத்திரை சேர்ந்தது, சிறுநீர்த் தொற்று இருக்கிறதா, மலம் கழித்து எத்தனை நாளாயிற்று என்று முதலில் பாருங்கள். குணப்படுத்த மருந்து இல்லாத நோய் என்பதால் நடக்கும் கெடுதலெல்லாம் நோயின் கணக்கிலேயே எழுதப்படுகிறது. தடுத்திருக்கக்கூடியவை அதில் நிறைய.

முக்கிய மருந்து லெவோடோபா. சின்டோபா என்ற பெயரில் பலருக்குத் தெரிந்திருக்கும். தொடக்க வருடங்களில் ஒரு வேளை தவறினாலும் பெரிதாகத் தெரியாது. போகப்போக, மாத்திரை வேலை செய்யும் நேரம், அது விட்டுப்போகும் நேரம் என்று நாளே துண்டு துண்டாகிவிடும். காலை 10 மணிக்குத் தானே சட்டைப் பொத்தான் போட்டவரால் 12 மணிக்கு நாற்காலியைவிட்டு எழ முடியாது. இதைச் சோம்பல் என்றும் நடிப்பு என்றும் சொல்லும் உறவினர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதமும் லெவோடோபாவும் குடலில் ஒரே வழியாக உறிஞ்சப்படுவதால் இரண்டும் போட்டி போடும். அதனால் சாப்பாட்டுக்கு அரைமணி முன்போ ஒரு மணி நேரம் கழித்தோ மாத்திரை போடுவது நல்லது. குமட்டினால் ஒரு ரஸ்க்கோடு போடலாம். இதைக் கேட்டதும் பருப்பையே நிறுத்திவிடுபவர்களும் உண்டு. ஏற்கெனவே மெலியும் உடம்புக்கு அது இன்னொரு கேடு. இரும்புச்சத்து மாத்திரையையும் சில மணி நேரம் தள்ளியே கொடுக்க வேண்டும்.

பூனைக்காலி விதை பற்றியும் பலர் கேட்கிறார்கள். அதில் லெவோடோபா இருப்பது உண்மைதான். அதனாலேயே மாத்திரையோடு பூனைக்காலிச் சூரணத்தையும் சாப்பிட்டால், எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்று யாருக்கும் தெரியாமல் போகும். சாப்பிடுவதாக இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

மிகப் பெரிய ஆபத்து ஆஸ்பத்திரியில் வேறு நோய்க்காகப் படுக்கும்போது வருகிறது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் எலும்பு வார்டில் சேர்கிறார். அங்கே மாத்திரை காலை, மதியம், இரவு. இவருக்கோ மூன்று மணி நேரத்துக்கு ஒன்று. வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னதால் எல்லாமே நிறுத்தப்படுவதும் உண்டு. லெவோடோபா திடீரென்று நின்றால் கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, மனக்குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையின் பெயர், அளவு, நேரம், கொடுக்கக்கூடாத மருந்துகள் எல்லாவற்றையும் தாளில் எழுதி கேஸ் ஷீட்டோடு வைக்கச் சொல்லுங்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவரிடம் நேரில் பேசுங்கள். விழுங்க முடியாதவருக்கு மூக்குக்குழாய் வழியாகக் கரைத்துக் கொடுக்கவும் வழி உண்டு.

பிரமிபெக்சோல், ரோபினிரோல் எடுப்பவர்களில் சிலருக்குச் சூதாட்டம், கண்மண் தெரியாத செலவு, அடங்காத காம இச்சை என்று குணமே மாறும். மானம் கருதிக் குடும்பம் வாய் திறக்காது. மருந்தின் பக்கவிளைவு அது. மருத்துவர் அளவைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை சின்ன விஷயங்கள். நிலைப்படி அருகே கால் தரையில் ஒட்டியதுபோல் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். நிற்கவிட்டு, “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ணச் சொல்லி, தரையில் ஒட்டிய கலர் டேப்பையோ டைல்ஸ் கோட்டையோ தாண்டச் சொன்னால் கால் எழும்பும். அண்ணாந்து குடிப்பது நம்மிடையே மரியாதையான பழக்கம். இந்த நோயில் அது புரையேற வைக்கும், நுரையீரலில் தொற்று வரக் காரணமாகும். அவருக்கென்று தனி டம்ளர் வையுங்கள், தலையைச் சற்றுக் குனிந்து வாய் வைத்துக் குடிக்கட்டும். ஆசாரம் பார்க்கிற பாட்டிமார்கள் மன்னிக்க வேண்டும்.

இந்த நோயில் கையெழுத்தும் சிறுத்துக்கொண்டே போகும். காசோலை திரும்பி வரும், ‘கையெழுத்து பொருந்தவில்லை’ என்று. கையெழுத்திட முடியாத முதியோரும் நோயாளிகளும் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதி வகுத்திருக்கிறது. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் முன்னிலையில் விரல் ரேகை வைக்கலாம், சாட்சிகளில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். 70 வயதைக் கடந்தவர்களுக்கும் உடற்குறை உள்ளவர்களுக்கும் அடிப்படைச் சேவைகளை வீட்டுக்கே வந்து தரும்படியும் 2017இல் அறிவுறுத்தியது. மறுத்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் போகலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளுக்குள் பார்க்கின்சனும் அடங்கும். பாதிப்பு 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று கிடைத்தால் பல உதவிகளுக்கு வழி திறக்கும். தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். பணியில் இருக்கும்போது நோய் வந்ததற்காக அரசு ஊழியரை வேலையைவிட்டு நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது. பார்த்த வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். தனியார் ஊழியருக்கு இந்தக் காப்பு இல்லை. இது சட்டத்தின் பெரிய ஓட்டை என்பது என் எண்ணம்.

சான்றிதழுக்குப் போகிற அன்று காலையில் மாத்திரை நன்றாக வேலை செய்தால், மருத்துவக் குழுவின் முன் அவர் நன்றாகவே நடந்துவிடுவார். சதவீதம் குறையும். மாத்திரையைத் தவிர்த்துவிட்டுப் போவது விபரீதம். மருந்து வேலை செய்யும்போதும் செய்யாதபோதும் நிலை எப்படி என்று நரம்பியல் மருத்துவரிடம் எழுதி வாங்கி, இரண்டு வேளையிலும் எடுத்த வீடியோவோடு காட்டுங்கள். அப்படியும் சதவீதம் குறைத்துப் போட்டால் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய இதே சட்டத்தின் 59ஆம் பிரிவு இடம் தருகிறது.