நுண்ணுயிர்கள் செய்யும் நற்பணி

கிருமி என்றாலே நமக்கு நோய்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் பாலைத் தயிராக்குவதும் இட்லி மாவைப் புளிக்கச் செய்வதும் நுண்ணுயிர்களே அல்லவா? ஆலைக் கழிவுநீரில் கலந்த நச்சு உலோகங்களைப் பிரிக்கவும் அவை உதவுகின்றன. அது எவ்வாறு என்று காண்போம்.

ஈயம், பாதரசம், காட்மியம், துத்தநாகம் போன்றவற்றைக் கன உலோகங்கள் என்கிறோம். காய்கறிக் கழிவு நாளடைவில் மக்கிவிடும், உலோகமோ மக்குவதில்லை. ஜப்பானில் மினமாட்டா என்னும் கடலோர ஊரில், ஆலைக் கழிவோடு வந்த பாதரச நஞ்சு மீன்களில் சேர்ந்தது. அம்மீனை உண்டவர்களின் நரம்புகள் சிதைந்தன. தாயின் கருவிலிருந்த குழந்தைகளும் தப்பவில்லை. இந்நோய் 1956-இல் வெளிச்சத்துக்கு வந்தது.

இத்தகைய உலோகங்களைப் பிடிக்க வல்லவை சல்பேட்டைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள். காற்றில்லாத சேற்றில் வாழும் இவை, நாம் ஆக்ஸிஜனைப் பயன்படுத்துவதுபோல் சல்பேட்டைப் பயன்படுத்துகின்றன. அப்போது அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகிறது. அது நீரில் கரைந்துள்ள உலோகத்தோடு சேர்ந்தவுடன், எலுமிச்சைச் சாறு பட்ட பால் திரிவதுபோல், கரையாத உலோக சல்பைடு திரண்டு அடியில் படிகிறது. படிவை நீக்கிவிட்டால் உலோகமும் நீங்கிவிடும்.

நெதர்லாந்தில் பூடெல் என்னும் இடத்தில் 1892-இல் ஒரு துத்தநாக ஆலை தோன்றியது. காலப்போக்கில் அங்கு நிலத்தடி நீரில் துத்தநாகமும் சல்பேட்டும் கலந்துவிட்டன. 1992-இல் அந்நீரை மேலே இறைத்து, பாக்டீரியாக்கள் வளரும் மூடிய தொட்டியில் செலுத்தினர். அவற்றுக்கு உணவு ஆல்கஹால்! படிந்த துத்தநாக சல்பைடு ஆலைக்கே திரும்பியது. துத்தநாகத்தின் முக்கிய தாதுவும் அதே சல்பைடுதான் என்பதால், கழிவு மீண்டும் மூலப்பொருளாயிற்று. மிஞ்சிய வாயுவை வேறு பாக்டீரியாக்கள் கந்தகமாக மாற்றின.

எனினும் நுண்ணுயிர் உலோகத்தை அழிப்பதில்லை, பிரித்துத்தான் தருகிறது. படிவை அள்ளிப் பத்திரப்படுத்தாவிட்டால் பயனில்லை. ஹைட்ரஜன் சல்பைடும் நச்சு வாயுவே. மேலும், இதே இனத்தைச் சேர்ந்த சில பாக்டீரியாக்கள் ஆற்றுச் சேற்றில் பாதரசத்தை இன்னும் கொடிய நஞ்சாக மாற்றவும் செய்கின்றன. எனவே, கட்டுப்பாடான தொட்டியில் நண்பனாக இருப்பது திறந்த நீரில் பகைவனாகலாம். கழிவை ஆற்றில் விட்டுவிட்டு, இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று இருப்பது தகாது.

இறைவனின் படைப்பில் அற்பமானது எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத உயிர் நீரைத் தூய்மையாக்க உதவும்போது, அறிவு பெற்ற நாம் அதை மாசுபடுத்தாமலாவது இருக்க வேண்டாமா?