தராசில் எடை காட்டுது, பில்லில் வரலையே... கம்ப்யூட்டருக்குள் கருவிகள் மோதிக்கொள்வது ஏன்?

திண்டுக்கல் மாவட்டத்தில், பழநி மலையடிவாரத்தில் இருக்கும் ஒட்டன்சத்திரத்திலிருந்து முருங்கை, தக்காளி என கேரளாவுக்கு லோடு லோடாகக் காய்கறி போகிறது. அங்குள்ள மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். எலெக்ட்ரானிக் தராசில் மூட்டையை வைத்ததும், எடை நேராக கம்ப்யூட்டர் பில்லில் ஏற வேண்டும். நேற்று வரை ஏறியது. இன்று காலை புது பிரிண்டர் ஒன்றை மாட்டியதிலிருந்து பில்லில் பூஜ்ஜியம்தான். தராசிலோ 52.4 கிலோ என்று பளிச்செனத் தெரிகிறது.

வெளியே லாரி காத்திருக்கிறது. வேறு வழியில்லாமல் எடையைக் கையால் டைப் செய்கிறார்கள். அவசரத்தில் 52.4 என்பது 42.4 ஆகிவிட்டால், 10 கிலோவுக்கான காசு விவசாயிக்கு நஷ்டம்.

"தராசு போயிடுச்சுண்ணே, புதுசு வாங்கிடலாம்" என்று கிளம்புவதற்கு முன் ஒரு நிமிடம். கோளாறு தராசில் இல்லாமலே இருக்கலாம்.

கதவு எண் மாறிய கதை

இதுபோன்ற தராசுகள் பல, 'சீரியல் போர்ட்' என்ற பழைய வழியில்தான் கம்ப்யூட்டருடன் பேசுகின்றன. புது கம்ப்யூட்டர்களில் அந்த போர்ட் பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் நடுவில் ஒரு யூஎஸ்பி கன்வெர்ட்டர் கேபிள் மாட்டுகிறோம். விண்டோஸ் அதற்கு 'காம் 3', 'காம் 4' என ஓர் எண் தருகிறது. வீட்டுக் கதவு எண் மாதிரி. பில்லிங் சாஃப்ட்வேர் அந்த எண்ணை மட்டுமே ஞாபகம் வைத்திருக்கும்.

சிக்கல் இங்கேதான். விலை குறைந்த பல கன்வெர்ட்டர்களில் தனி அடையாள எண் கிடையாது. எனவே எந்த யூஎஸ்பி சாக்கெட்டில் செருகியிருக்கிறது என்பதை வைத்தே விண்டோஸ் அதை அடையாளம் காண்கிறது. பிரிண்டரை மாட்டும்போது தராசு கேபிளைப் பக்கத்து சாக்கெட்டுக்கு மாற்றினால், விண்டோஸ் அதைப் புது ஆளாக நினைத்து 'காம் 5' என்று கொடுத்துவிடும். சாஃப்ட்வேர் இன்னமும் காம் 3 கதவையே தட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று: ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் திறக்க முடியும். வேறு ஏதாவது அதைப் பிடித்து வைத்திருந்தாலும் எடை வராது.

90-களின் பஞ்சாயத்து

இது புது சண்டை இல்லை. 1981-ல் வந்த ஐபிஎம் பிசியில், கருவிகள் பிராசஸரை அழைக்க இருந்த 'ஐஆர்க்யூ' எனும் அழைப்பு வழிகள் மொத்தமே 8. அதிலும் கடிகாரம், கீபோர்டு இரண்டும் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டன. பின்னர் வழிகள் கூடினாலும், காம் 1, காம் 3 இரண்டுக்கும் வழக்கமாக 4-ம் எண்தான். காம் 1-ல் மவுஸ், காம் 3-ல் மோடம் இருந்தால், இன்டர்நெட்டுக்கு டயல் செய்ததும் மவுஸ் அப்படியே உறைந்துவிடும். கார்டிலிருக்கும் குட்டி ஜம்பர்களை மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் தீர்வு.

1995-ல் விண்டோஸ் 95 'பிளக் அண்ட் பிளே' வசதியைக் கொண்டுவந்தது. பிசிஐ கார்டுகள் ஒரே அழைப்பு வழியைப் பகிர்ந்துகொள்ளக் கற்றன. பிறகு வந்த பிசிஐ எக்ஸ்பிரஸில் அழைப்பே ஒரு மெசேஜாகப் போகிறது. பழைய பஞ்சாயத்து கிட்டத்தட்ட முடிந்துவிட்டது.

ஆனால் சண்டை வேறு வடிவத்தில் தொடர்கிறது. புது எம்.2 எஸ்எஸ்டி போட்டதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போகிறதா? சில மதர்போர்டுகளில் அந்த ஸ்லாட்டும் சில சாட்டா போர்ட்டுகளும் ஒரே பாதையைப் பங்கிடுகின்றன. ஒன்று இருந்தால் மற்றொன்று அணைந்துவிடும். டிஸ்க் கெடவில்லை, வேறு சாட்டா போர்ட்டுக்கு மாற்றினால் போதும். எந்த போர்ட் என்பது மதர்போர்டு மேனுவலில் இருக்கும்.

என்ன செய்யலாம்?

1. கடைசியாக மாட்டியது எது? அதைக் கழற்றுங்கள். மற்ற கேபிள்களைப் பழைய சாக்கெட்டிலேயே திரும்பச் செருகுங்கள். பல நேரம் இதிலேயே வேலை முடிந்துவிடும்.

2. 'டிவைஸ் மேனேஜர்' திறந்து மஞ்சள் குறி இருக்கிறதா பாருங்கள். கோட் 12 என்றால் அந்தக் கருவிக்குத் தேவையான இடம் கிடைக்கவில்லை, மோதல்தான். கோட் 10 என்றால் கருவி தொடங்கவில்லை. முதலில் டிரைவரைச் சோதியுங்கள்.

3. 'போர்ட்ஸ்' பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு தராசு கேபிளை உருவுங்கள். எந்த எண் மறைகிறதோ, அதுதான் தராசு. அந்த எண்ணை பில்லிங் சாஃப்ட்வேரில் கொடுங்கள்.

4. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாட்டாதீர்கள். ஒன்றை மாட்டி, சோதித்து, பிறகு அடுத்தது.

5. சரியானதும் கேபிளிலும் சாக்கெட்டிலும் 'தராசு' என்று எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை யார் பிரிண்டர் மாட்ட வந்தாலும், இதைத் தொடக்கூடாது என்று தெரியும்.

அவ்ளோதான். புது தராசுக்கான காசு மிச்சம். விவசாயியின் 10 கிலோவும் பத்திரம்.