நான்காம் எண்ணின் விலை

வானலைச் சந்தை – 9

சென்ற வாரம் டெட்ராய்ட்டில் பழைய கூட்டாளி நிலையத்தை ஃபாக்ஸிடம் பறிகொடுத்துவிட்டு, சிபிஎஸ் 62ஆம் சேனல் எண்ணில் போய் ஒதுங்கிய கதையைப் பார்த்தோம். அங்கே அடி வாங்கியது நெட்வொர்க். இந்த வாரம் சான் பிரான்சிஸ்கோ. இங்கே அடி விழுந்தது நிலையத்தின் மேல்.

தொடரை நடுவில் படிக்கத் தொடங்கியவர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்காவில் உள்ளூர் டிவி நிலையம் என்பது ஏறக்குறைய நம் ஊர் தியேட்டர் மாதிரி. கட்டடமும் உரிமமும் ஒருவருடையது. ஓடுகிற படம் இன்னொருவருடையது. என்பிசி, சிபிஎஸ், ஏபிசி போன்ற நெட்வொர்க்குகள் படம் தருகிற விநியோகஸ்தர்கள். சில பெரிய நகரங்களில் தியேட்டரும் அவர்களுடையதே. மற்ற ஊர்களில் ஒப்பந்தம்தான். நம் ஊரில் தியேட்டர்காரர் எம்.ஜி. (குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை) கட்டிப் படம் எடுப்பார். அங்கே பல ஆண்டுகளாக நடந்தது நேர்மாறு: எங்கள் நிகழ்ச்சியை ஓட்டுங்கள் என்று நெட்வொர்க்கே நிலையத்துக்குப் பணம் கொடுத்தது.

இனி கதைக்கு வருவோம். ‘சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள்’ நாளிதழை 1865இல் தொடங்கியவர்கள் டி யங் சகோதரர்கள். அந்தக் குடும்பத்தின் நிறுவனம் 1949 நவம்பர் 15 அன்று 4ஆம் எண்ணில் ஒரு டிவி நிலையத்தைத் தொடங்கியது. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே இருக்கும் நிலையங்களின் பெயர் ‘கே’ என்றுதான் தொடங்க வேண்டும். அதோடு கிரானிக்கிளின் நடுவிலிருந்து மூன்று எழுத்துகளை எடுத்து ஒட்ட, கேஆர்ஓஎன் ஆயிற்று. ஊர்க்காரர்கள் வாயில் ‘க்ரான்’. நாமும் அப்படியே அழைப்போம்.

முதல் நாளிலிருந்தே க்ரான் என்பிசியின் கூட்டாளி. அந்த ஊரில் ஏபிசிக்குச் சொந்த நிலையம் இருந்தது, என்பிசிக்கு இல்லை. அமெரிக்காவின் மிகப் பெரிய டிவி சந்தைகளில் ஒன்றில் இன்னொருவர் வீட்டில் ஐம்பது ஆண்டுகள் குடியிருந்தது என்பிசி. வீட்டுக்காரரும் சாதாரண ஆள் இல்லை. 1992இல் க்ரான் ஒரு காரியம் செய்தது. இரவு எட்டு மணிக்குத் தொடங்க வேண்டிய நெட்வொர்க் நிகழ்ச்சிகளை ஏழு மணிக்கே தொடங்கி, பத்து மணிக்கு முடித்து, செய்தியைப் போட்டது. 1993இல் பழைய நேரத்துக்குத் திரும்பிவிட்டது என்றாலும், நியூயார்க்கில் போட்ட அட்டவணையை ஓர் உள்ளூர் நிலையம் ஒரு மணி நேரம் நகர்த்த முடிந்தது என்பதைக் கவனியுங்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி மனது வைக்க வேண்டியிருந்த காலம் அது.

1999இல் டி யங் வாரிசுகளுக்குள் ஒத்துப்போகவில்லை. சொத்தை விற்றுவிடுவது என்று முடிவாயிற்று. நாளிதழை ஹெர்ஸ்ட் நிறுவனம் 66 கோடி டாலருக்கு வாங்கியது. டிவி நிலையம் தனியாக ஏலத்துக்கு வந்தது. ஐம்பது ஆண்டு காத்திருந்த என்பிசி ஏலத்தில் நின்றது. ஆனால் வென்றது யங் பிராட்காஸ்டிங் என்கிற நடுத்தர நிறுவனம். (டி யங் குடும்பத்துக்கும் இந்த யங்குக்கும் சம்பந்தமில்லை.) கேட்ட தொகை, ரொக்கமும் பங்குகளுமாக 82.3 கோடி டாலர். ஒற்றை டிவி நிலையத்துக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை. தாய்ப் பத்திரிகையைவிடப் பிள்ளை நிலையம் 16 கோடி அதிகம்.

எதற்கு அவ்வளவு விலை? கோபுரத்துக்கா, கேமராக்களுக்கா? இரவானால் என்பிசியின் தொடர்கள் ஓடும், விளம்பரம் குவியும் என்கிற நம்பிக்கைக்குத்தான். அந்த நம்பிக்கை விற்றவருடைய சொத்து அல்ல. வாங்கியவருக்குப் பத்திரம் எழுதித் தரவும் முடியாது. அதன் சொந்தக்காரர் அதே ஏலத்தில் தோற்று, எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

என்பிசி நிபந்தனைகளோடு வந்தது. நிலையத்தை இனி ‘என்பிசி 4’ என்றே அழைக்க வேண்டும். நிகழ்ச்சிகளைத் தள்ளிவைக்கக் கூடாது. ஆண்டுக்கு 1 கோடி டாலர் நிலையம் நெட்வொர்க்குக்குக் கட்ட வேண்டும். இத்தனை காலம் வாங்கிய கை இனிக் கொடுக்க வேண்டும் என்று பொருள். யங் மறுத்துவிட்டது. வீராப்பு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 82 கோடி கொடுத்து வாங்கிய கடையின் பெயர்ப் பலகையை, ஏலத்தில் தோற்றவர் வந்து மாற்றச் சொன்னால் யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது? ஆனால் கொதித்த ரத்தத்தோடு கணக்குப் போடக் கூடாது.

என்பிசி தெற்கே சான் ஹோசேவுக்குத் திரும்பியது. அங்கே கேஎன்டிவி என்று 11ஆம் எண் நிலையம் ஒன்று 1955 முதல் ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் பேக்கரி வைத்திருந்தவர் தொடங்கியது அது. பல ஆண்டுகள் ஏபிசியின் கூட்டாளியாக, சான் ஹோசேவுக்கும் அதற்குத் தெற்கே இருந்த ஊர்களுக்கும் ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. அதை அப்போது வைத்திருந்த கிரானைட் நிறுவனம், என்பிசி இணைப்புக்காகச் சுமார் பத்து ஆண்டுகளில் 36.2 கோடி டாலர் தருவதாக 2000இல் ஒப்புக்கொண்டது. யங் ஆண்டுக்கு ஒரு கோடி கொடுக்க மறுத்த இடத்தில், இன்னொருவர் அதைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல் கொடுக்க முன்வந்தார். நெட்வொர்க் பணம் கொடுக்கும் வழக்கம் தலைகீழாகப் புரண்டது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

ஒரு சிக்கல் இருந்தது. கேஎன்டிவியின் ஒளிபரப்பு தெற்கே லோமா ப்ரியேட்டா மலையிலிருந்து வந்தது. சான் பிரான்சிஸ்கோவிலும் அதற்கு வடக்கிலும் ஆன்டெனாவை நம்பியிருந்த பல வீடுகளில் படம் சரியாகத் தெரியாது. பரவாயில்லை, பெரும்பாலோர் கேபிளில்தானே பார்க்கிறார்கள் என்றது கணக்கு. கேபிளில் 3ஆம் இடம் பிடித்து ‘என்பிசி 3’ என்று விளம்பரமும் செய்தார்கள். இணைப்பு தொடங்குமுன், 2001 டிசம்பரிலேயே, என்பிசி கேஎன்டிவியை 23 கோடி டாலருக்குப் பேசி முடித்தது. க்ரானுக்குப் போன விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

2002 ஜனவரி 1. ஐம்பத்திரண்டு ஆண்டு உறவு அன்றோடு முடிந்தது. க்ரான் நெட்வொர்க் இல்லாத தனி நிலையம் ஆயிற்று. இரவு நேரத்தைச் செய்தியாலும் வெளியில் வாங்கிய நிகழ்ச்சிகளாலும் நிரப்பினார்கள். கடன் கழுத்தை நெரித்ததால், லாஸ் ஏஞ்சலிஸில் வைத்திருந்த கேசிஏஎல் நிலையத்தை அதே ஆண்டு வயகாம் நிறுவனத்துக்கு 65 கோடி டாலருக்கு விற்றது யங். 2005இல் செய்தியாளர் கையிலேயே கேமராவைக் கொடுத்து, அவரே படம் பிடித்து, அவரே எடிட் செய்யும் முறையைக் கொண்டுவந்தார்கள். இன்று பல செய்தி நிறுவனங்களில் இதுதான் நடக்கிறது. அன்று சிக்கனம் என்று கேலி பேசினார்கள். 2006இல் மைநெட்வொர்க்டிவி என்ற புது இணைப்பில் சேர்ந்தது. அது நொண்டிக் குதிரை. 2008இல் நிலையத்தை விற்கக் கடை விரித்தார்கள்; கொள்வாரில்லை. 2009 பிப்ரவரியில் யங் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் போயிற்று.

கிரானைட் மட்டும் தப்பித்ததா என்றால் இல்லை. அது 2006 டிசம்பரிலேயே அதே நீதிமன்றப் படியை ஏறிவிட்டது. நெட்வொர்க்கை எதிர்த்தவரும் விழுந்தார், பணிந்தவரும் விழுந்தார்.

வடக்கே படம் தெரியாத சிக்கல் என்ன ஆயிற்று? என்பிசி 2005இல் கேஎன்டிவியின் ஒளிபரப்பை சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய சான் புரூனோ மலைக்கு மாற்றியது. சான் பிரான்சிஸ்கோவின் ஒளிபரப்புக் கோபுரமான சூட்ரோ 1973இல் வருவதற்கு முன் க்ரானின் ஒளிபரப்பு கிளம்பியதும் அதே மலையிலிருந்துதான்.

யங்கின் திவாலுக்குப் பின் க்ரான் மீடியா ஜெனரல் நிறுவனத்திடம் போய், 2017இல் நெக்ஸ்டார் கைக்கு வந்தது. நாட்டிலேயே அதிக நிலையங்கள் வைத்திருக்கும் நிறுவனங்களில் ஒன்றான அந்த நெக்ஸ்டார், 2022இல் சிடபிள்யூ நெட்வொர்க்கின் 75 விழுக்காட்டுப் பங்கையே வாங்கிவிட்டது. 2023 செப்டம்பர் 1 முதல் க்ரானில் சிடபிள்யூ ஓடுகிறது. இந்த முறை நிபந்தனை போட வெளியாள் யாரும் இல்லை; நிலையத்துக்கும் நெட்வொர்க்குக்கும் முதலாளி ஒருவரே.

(தொடரும்)